கரியும் எண்ணெயும் மின்னும்

ஓர் ஊர்தி ஒருமுறை நிரப்பிக்கொண்டால் எவ்வளவு தொலை செல்லும்? அவ்வாறு நிரப்புவதற்கு எவ்வளவு செலவாகும்? மின்சாரக் காரைப் பற்றிப் பேசுவோர் யாவரும் இன்று இவ்விரு வினாக்களையே முதலில் எழுப்புகின்றனர். விற்பவர் ஒரு கணக்குச் சொல்கிறார். வாங்கி ஓட்டியவர் வேறொரு கணக்குச் சொல்கிறார். மாத முடிவில் மின்சாரப் பட்டியல் வந்து சேர்ந்ததும் மூன்றாவது கணக்கொன்று வெளிப்படுகிறது. இவை புதிய விஞ்ஞானம் தந்த புதிய சிக்கல்கள் என்றே பலரும் எண்ணுகின்றனர். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கோ இவை மிகப் பழைய வினாக்கள். இக்குடாவின் கடந்த நூற்றைம்பது ஆண்டு வரலாறு இவ்விரு வினாக்களைச் சுற்றியே சுழன்றிருக்கிறது.

ஊர்தி செல்லக்கூடிய தொலைவு அதன் இயந்திரத்தினால் மட்டும் அமைவதில்லை. அதனை எங்கே நிரப்பலாம், அந்த இடம் யாருடைய கையில் இருக்கிறது, அவர் என்ன விலை வைக்கிறார் என்பவை எல்லாம் சேர்ந்தே அத்தொலைவை அமைக்கின்றன. கரியின் காலத்தில் இது மெய்யாயிற்று. எண்ணெயின் காலத்திலும் மெய்யாயிற்று. மின்னின் காலத்திலும் மெய்யாகி வருகிறது. இதனை முறைப்படி நோக்குவோம்.

பாய்க்கப்பலின் காலத்தில் காற்றுக்கு விலையில்லை. அக்காலத்தில் துறைமுகம் ஒன்றின் மதிப்பு அது தரும் புகலிடத்திலேயே தங்கியிருந்தது. வடகீழ்ப் பருவக்காற்று வங்கக் கடலைக் கலக்கும்போது, மலைகளால் சூழப்பட்ட நமது உட்துறைமுகம் கப்பல்களுக்குத் தாய்மடி போல் அமைந்தது. அதற்காகவே ஐரோப்பிய வல்லரசுகள் இதற்கு அடிபட்டன. 1795 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் இதனைக் கைப்பற்றினர். நீராவிக் கப்பல் தோன்றியதும் கணக்கு மாறிற்று. காற்றுக்குப் பதிலாகக் கரி வேண்டியதாயிற்று. கரிக்கு விலையுண்டு, எடையுண்டு, அது தீர்ந்துபோகும் நேரமும் உண்டு. 1869 இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875 இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885 இல் அது நிறைவெய்தியது. அதன்பின் கீழைத்தேசம் செல்லும் வணிகக் கப்பல்கள் கொழும்பிலேயே நின்று கரி ஏற்றிச் சென்றன. இயற்கை தந்த துறைமுகத்தைவிட மனிதர் கட்டிய துறைமுகம் முதன்மை பெற்றது. 1905 இல் திருகோணமலையின் கடற்படைத் தளம் மூடப்பட்டது. குடாவின் ஆழம் குறைந்துவிடவில்லை. மலைகளும் இடம் பெயரவில்லை. நிரப்பும் இடம் மாறிற்று, அதனோடு ஊரின் வாழ்வும் மாறிற்று.

கரிக்கப்பல் செல்லும் தொலைவு ஏட்டில் ஒன்றாகவும் கடலில் வேறொன்றாகவும் இருந்தது. மெதுவாகச் செல்லும் கப்பலுக்கு ஒரு தொலைவு. விரைந்து செல்லும் அதே கப்பலுக்கு அதில் ஒரு சிறு பங்கு. நீரின் எதிர்ப்பு, கப்பலின் வேகம் கூடும் அளவினும் மிகுதியாகக் கூடுவதே இதன் காரணம். வேகத்தை இரட்டித்தால், ஒவ்வொரு கடல் மைலுக்கும் எரியும் கரி ஏறத்தாழ நான்கு மடங்காகும். இந்த விதியை மனத்திற் கொள்ளுதல் நன்று. நூறாண்டு கழித்து ஹபரணை வீதியிலே மீண்டும் இதனைச் சந்திக்கப் போகிறோம்.

நிரப்பும் இடத்தின் அரசியலுக்கு 1904 ஆம் ஆண்டு ஓர் எடுத்துக்காட்டைத் தந்தது. யப்பானை எதிர்த்துப் போரிட, ருஷ்யப் பேரரசின் போல்ற்றிக் கடற்படை உலகின் பாதியைச் சுற்றிவரப் புறப்பட்டது. வழியிலிருந்த கரித்துறைகளுட் பெரும்பாலானவை பிரித்தானியர் வசம் இருந்தன. பிரித்தானியரோ யப்பானின் நட்பினர். துறைகள் மூடப்பட்டன. செருமானியக் கம்பனி ஒன்றின் கரிக்கப்பல்களைக் கூலிக்கு அமர்த்தி, திறந்த கடலிலும் அந்நியக் குடாக்களிலும் அப்படை கரி ஏற்றிற்று. தளத்திலும் அறைகளிலும் கரி குவிந்தது. மாலுமிகள் போர்ப்பயிற்சியை விட்டுக் கரி சுமந்தனர். 1905 மே மாதத்தில் சுஷிமா நீரிணையில் அப்படை அழிந்தது. அத்தோல்விக்குக் காரணங்கள் பல. எனினும் நிரப்பும் இடமில்லாத கப்பலுக்குத் தொலைவும் இல்லை என்பது அன்று உலகறிய நிறுவப்பட்டது.

இந்தக் கரியைச் சுமந்தவர் யார்? வரலாற்று நூல்கள் தளபதிகளின் பெயரைச் சொல்லும். கூடை தூக்கியவரின் பெயரைச் சொல்வதில்லை. கொழும்புத் துறைமுகத்திலே கரிக்கூடையைத் தோளிலேற்றியோருள் பெருந்தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். 1927 இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் துறைமுகத் தொழிலாளர் செய்த பெரும் வேலைநிறுத்தம் அவர்களது உழைப்பின் விலையை நாடு அறியச் செய்தது. உலகக் கப்பல்களின் தொலைவு நாளொன்றுக்குச் சில சதக் கூலி பெற்ற தோள்களின் மீதே நின்றது.

கரியை வென்றது எண்ணெய். ஒரே எடையுள்ள எண்ணெய் கரியைவிட அதிக தொலைவு தரும். குழாய் வழியே ஏறும். கூடை தூக்கும் ஆள் வேண்டியதில்லை. 1911 இல் பிரித்தானியக் கடற்படை அமைச்சரான வின்ஸ்டன் சேர்ச்சில் போர்க்கப்பல்களை எண்ணெய்க்கு மாற்ற முனைந்தார். பிரித்தானிய மண்ணில் கரி மலைமலையாக இருந்தது; எண்ணெயோ இல்லை. ஆகவே 1914 இல் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பனியின் 51 சதவீதப் பங்கைப் பிரித்தானிய அரசே வாங்கிற்று. பாரசீகத்தின் நிலத்தடிச் செல்வம் இலண்டனின் தொலைவாகிவிட்டது. அத்தொலைவைச் சிங்கப்பூர் வரை நீட்டுவதற்கு இடையிடையே தாங்கிகள் தேவைப்பட்டன. முதலாம் உலகப் போரின் பின்னர் சீனன்குடாக் காட்டில் இரும்புத் தாங்கிகள் எழுந்த வரலாறு இதுவே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும் தாங்கிகள் நூற்றுக்குமேல் நிறுவப்பட்டன. 1927 இல் புகையிரதமும் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது. 1905 இல் கைவிடப்பட்ட குடா, எண்ணெயால் மறுபிறவி எடுத்தது.

எண்ணெய் இருக்கும் இடத்தைப் போரும் தேடி வரும். 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாங்கியொன்றின் மீது விமானம் வீழ்ந்து, அது ஏழு நாள் எரிந்ததாக இவ்வூர் முதியோர் சொல்லிவந்தனர். உருகிச் சரிந்த அதன் இரும்பு பின்னரும் காட்டுக்குள் கிடந்தது. 1957 ஒக்ரோபரில் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1961 இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் தோன்றியது. அந்நியக் கம்பனிகளின் எண்ணெய் வணிகம் அரசுடைமையாயிற்று. அதற்குத் தண்டனையாக 1963 இல் அமெரிக்கா தனது உதவியை நிறுத்திற்று. சின்னஞ்சிறு நாடு ஒன்று தன் தூரத்துக்குத் தானே விலை வைக்க முயன்றபோது நேர்ந்தது இது.

தாங்கிகள் நமக்கு வந்தன. அவற்றை நிரப்பும் வலிமை வரவில்லை. பெரும்பாலானவை வெறுமையாகக் காட்டிலே துருவேறின. 1987 இன் இந்திய-இலங்கை உடன்பாட்டோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இத்தாங்கிகளும் இடம்பெற்றன. 2003 இல் அவை லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்குக் குத்தகையாயின. 2022 சனவரியில் எஞ்சிய 99 தாங்கிகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன: 14 அந்நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்து அமைத்த கூட்டுக் கம்பனிக்கு.

அதே 2022 ஆம் ஆண்டில் நடந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார். 2021 டிசம்பர் இறுதியில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. அவ்விலை கொடுக்கவும் மக்கள் ஆயத்தமாயிருந்தனர், பெற்றோல்தான் இல்லை. இரவு பகலாக வரிசைகள் நீண்டன. பின்னர் அனுமதி அட்டை முறை வந்தது: மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிற்று. காரில்லாத எங்கள் மீனவரை அதிகம் வாட்டியது இதுவே. திருக்கடலூரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயால் ஓடுவன. படகு செல்லும் தொலைவு குறைந்தால் மீன் குறையும். மீன் குறைந்தால் உலை கொதிக்காது. பத்து இலட்சம் தொன் எண்ணெய் கொள்ளத்தக்க தாங்கிகளின் நிழலில் வாழும் மக்கள், போத்தல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நாட்கணக்கில் நின்றனர். விளக்கடியில் இருள் என்று நம் மூதாதையர் சொன்னதற்கு இதனிலும் தெளிந்த விளக்கம் வேண்டுமோ?

இத்துயரத்தின் நடுவிலேதான் மின்சாரக் கார் பலருடைய கனவில் புகுந்தது. ஆயினும் மின்சாரக் கார் நேற்றுப் பிறந்த குழந்தையன்று. 1900 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே செய்யப்பட்ட ஏறத்தாழ 4,200 மோட்டார் வண்டிகளுள் 1,500க்கு மேற்பட்டவை மின்சாரத்தால் ஓடின. புகையில்லை, இரைச்சலில்லை, கையால் சுழற்றிக் கிளப்பும் தொல்லையில்லை. அவ்வாறாயின் அது ஏன் தோற்றது? 1908 இல் வந்த போர்ட் கம்பனியின் மலிவான காரும், 1912 இல் வந்த மின்கிளப்பியும் காரணங்கள். ஈயப் பற்றரியின் எடை இன்னொரு காரணம். இவற்றோடு வேறொரு காரணமும் உண்டு. பெற்றோலைத் தகரத்தில் அடைத்து எந்தக் கிராமத்துக் கடையிலும் வைக்கலாம்; மின்சாரமோ கம்பி போன இடத்துக்கு மட்டுமே போகும். 1930 களின் நடுவிலும் அமெரிக்கப் பண்ணை வீடுகளுள் பத்துக்கு ஒன்பதில் மின்சாரம் இல்லை. நகர எல்லையோடு மின்சாரக் காரின் உலகம் முடிந்துவிட்டது. இங்கும் நிரப்பும் இடமே தீர்ப்பு வழங்கிற்று.

எடை குறைந்த லிதியம் பற்றரி 1991 இல் சந்தைக்கு வந்தபின் நிலைமை மெல்ல மாறிற்று. 2010 இறுதியில் நிசான் லீஃப் என்னும் கார் வெளிவந்தது. வரி குறைவாயிருந்த 2015 ஆம் ஆண்டளவில் யப்பானில் ஓடிப் பழகிய லீஃப் கார்கள் இலங்கைக்கும் வந்திறங்கின. அக்காரின் தொலைவு எவ்வளவு? 24 கிலோவாற்று மணி கொள்ளும் பற்றரியோடு முதலில் வந்த லீஃபுக்கு யப்பானிய முறைப்படி 200 கிலோமீற்றர்; ஐரோப்பிய முறைப்படி 175; அமெரிக்க முறைப்படி 117. கார் ஒன்றே, பற்றரி ஒன்றே, எண்கள் மூன்று! இது மாயமன்று, அளக்கும் முறையின் வேறுபாடு. பழைய யப்பானிய முறையும் பழைய ஐரோப்பிய முறையும் ஆய்வுக்கூடத்தில், பெரும்பாலும் மெதுவாகவும் குளிரூட்டியை இயக்காமலும் ஓட்டி அளந்தவை. அமெரிக்க முறை வேகம், வெப்பம், குளிர் ஆகியவற்றுக்கு இடம் விட்டுக் கழித்துச் சொன்னது. பிற்காலத்தில் ஐரோப்பாவும் யப்பானும் தங்கள் முறைகளைக் கடுமையாக்கின. எனினும் விற்பனைத் தாளில் பெரிய எண்ணைப் பெரிய எழுத்திற் பொறிக்கும் வழக்கம் மாறியதாகத் தெரியவில்லை. அளவுகோலைச் செய்பவன் யார் என்று கேளாமல் அளவை நம்புதல் ஆகாது.

நம் நாட்டு வீதியில் அக்காரை ஓட்டிப் பார்ப்போம். பற்றரியின் பகை வெப்பம். அந்த லீஃப் பற்றரிக்கு நீரால் குளிரூட்டும் ஏற்பாடு இல்லை. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில் அது விரைவில் வலுவிழந்தது என்ற முறைப்பாடு 2012 இலேயே எழுந்தது. நமது உலர்வலய வெயிலிற் பல ஆண்டு நின்ற பற்றரியில் தொடக்க வலிமையின் பத்தில் ஏழு பங்கு எஞ்சியதாகக் கொள்வோம். 24 இல் எஞ்சுவது 17. குளிரூட்டியோடு ஓர் அலகுக்கு 6 கிலோமீற்றர் எனின் 102 கிலோமீற்றர். முற்றாகத் தீரும்வரை எவரும் ஓட்டார். ஆறில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்தால் 85 கிலோமீற்றர். திருகோணமலையிலிருந்து ஹபரணைச் சந்தி ஏறத்தாழ அவ்வளவு தொலைவு. இடையிலே கந்தளாய், அப்பால் தம்புள்ளை, கொழும்போ ஏறத்தாழ 260 கிலோமீற்றருக்கு அப்பால். வெறிச்சோடிய காட்டு வீதியில் விரைந்து செல்ல விரும்பினாலோ, கரிக்கப்பலின் பழைய விதி மீண்டும் தலைதூக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுமாதலின், ஹபரணையும் எட்டாப் பழமாகிவிடலாம். கொழும்பு நகருக்குள் நாளொன்றுக்கு முப்பது கிலோமீற்றர் ஓடும் ஒருவருக்கு அதே கார் தாராளம். ஒரே காரின் தொலைவு தலைநகரத்தில் மிகுதி, மாகாணத்தில் பற்றாக்குறை என்றாகிறது. இன்றைய புதிய கார்களின் பற்றரி இரண்டு, மூன்று மடங்கு பெரிது. நீரால் குளிரூட்டுவதும் உண்டு. பெரிய பற்றரிக்குப் பெரிய விலை என்பதையும் மறத்தலாகாது.

செலவுக் கணக்கு இதனினும் சுவையானது. ஒன்பதாம் வகுப்பு மாணவரும் செய்யத்தக்க கணக்கே. 2015 இல் பெற்றோல் லீற்றர் 117 ரூபா. சிறிய கார் லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடுமாயின், கிலோமீற்றருக்கு 7 ரூபா 80 சதம். மின்னேற்றும்போது ஒரு பங்கு வெப்பமாகக் கழிவதையும் சேர்த்துச் சுவரிலிருந்து எடுக்கும் அலகு ஒன்றுக்கு 6 கிலோமீற்றர் எனக் கொள்வோம். அன்று சாதாரண வீட்டுப் பட்டியலில் 180 அலகுக்கு மேற்பட்ட ஒவ்வோர் அலகும் 45 ரூபா. மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடும் காருக்கு 167 அலகு தேவை. 90 அலகு செலவிட்ட வீடு ஒரேயடியாக 257 அலகுக்குத் தாவி, மேலடுக்கிற் சிக்கிக்கொள்ளும். அந்த அடுக்கிலே கிலோமீற்றருக்கு 7 ரூபா 50 சதம். பெற்றோலுக்கும் இதற்கும் முப்பது சத வேறுபாடே!

அதே ஆண்டில் நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டண முறையொன்று வீடுகளுக்கு அறிமுகமாயிற்று. இரவு 10.30 முதல் காலை 5.30 வரை அலகு 13 ரூபா, பகலில் 25, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை 54. நள்ளிரவில் மின்னேற்றியவருக்குக் கிலோமீற்றர் 2 ரூபா 17 சதம். மாலையில் வீடு திரும்பியதும் செருகியவருக்கு 9 ரூபா. ஒரே காருக்கு, ஒரே ஊரில், ஒரே நாளில் நான்கு மடங்கு வேறுபாடு! மின்சாரக் கார் மலிவா, விலையா என்று விவாதிப்போர் இந்த எண்களை எண்ணிப் பார்க்க வேண்டும். மலிவு காரில் இல்லை. கட்டணப் பட்டியலில் இருக்கிறது.

அந்த மலிவான பட்டியல் யாருக்குக் கிடைத்தது? மூன்று கட்ட மின்னிணைப்புக் கொண்ட வீடுகளுக்கு. அதாவது வசதியான வீடும், காரை நிறுத்த முற்றமும், சுவரிலே தனிச் செருகியும் உடையவருக்கு. வாடகை வீட்டில் ஒற்றைக் கட்ட இணைப்போடு வாழும் எழுதுவினைஞருக்கு அது இல்லை. ஒழுங்கைக்குள் கார் நுழையாத வீட்டாருக்கும் இல்லை. அவர்கள் வீதியோர மின்னேற்ற நிலையத்தை நாட வேண்டும். அங்கே விரைவுக்கும் இலாபத்துக்கும் சேர்த்து வீட்டு விலையினும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். உள்ளவனுக்கு இரண்டு ரூபா, இல்லாதவனுக்குப் பத்து ரூபா என்னும் பழைய நியதி புதிய செருகியின் வழியாகவும் பாய்கிறது.

2022 இல் பெற்றோல் 470 ரூபாவானபோது கிலோமீற்றர் 31 ரூபாவாயிற்று. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதம் உயர்ந்து, மேலடுக்கு அலகு 75 ரூபாவானது. மின்சாரக் காரின் கிலோமீற்றர் 12 ரூபா 50 சதம். அந்நாளில் மின்சாரக் கார் வைத்திருந்தோர் தப்பினர் என்பது மெய். ஆனால் மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நிலவியதையும் சேர்த்து நினைக்க வேண்டும். மின் நிலையத்துக்கு எண்ணெய் வாங்கப் பணமில்லாத நாட்டில் செருகியிலும் மின்னில்லை. எண்ணெயின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதாக எண்ணியவருடைய காரும், கம்பியின் மறுமுனையில் அதே எண்ணெய்க்கும் இறக்குமதிக் கரிக்கும் கட்டுண்டே கிடந்தது.

ஆகையால் கம்பியின் மறுமுனையைப் பார்த்தாக வேண்டும். 1918 இலேயே நீர்மின்சாரத்தால் நாட்டை இயக்கலாம் என்று வாதிட்ட பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் கனவு, 1950 இல் லக்ஷபானவில் ஒருவாறு நிறைவேறிற்று. பின்னர் நீர் போதாமற் போனது, எண்ணெய் வந்தது, 2011 முதல் நுரைச்சோலையில் கரி வந்தது. நள்ளிரவில் 13 ரூபாவுக்கு ஏற்றிய மின்னிற் பெரும்பங்கு நுரைச்சோலைக் கரியினுடையது. கொழும்பில் கூடையிற் சுமந்த கரி, மாறுவேடம் பூண்டு காருக்குள் ஏறியிருக்கிறது!

இரண்டாவது கரி நிலையம் நமது மாவட்டத்துச் சம்பூருக்கு வரவிருந்தது. 2006 இல் போரால் துரத்தப்பட்ட சம்பூர் மக்கள் பத்தாண்டளவு முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் அல்லற்பட்டனர். அவர்கள் இல்லாத நிலத்தில் 500 மெகாவாற்றுக் கரி நிலையம் அமைக்க 2011 இல் ஒப்பந்தம் எழுதப்பட்டது. மக்கள் எதிர்த்தனர், சூழலியலாளரும் எதிர்த்தனர், 2016 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின் நிலையத்துக்கு இரு நாட்டுத் தலைவர்களும் தொடக்க விழா எடுத்தனர். கரிக்குப் பதில் கதிரவன் என்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அக்கதிரவனின் ஒளியில் சம்பூருக்கும் மூதூருக்கும் கிடைப்பது என்ன என்ற கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும்.

கதிரவன் வந்ததால் கட்டணக் கணக்கின் அடிப்படையே மாறுகிறது. நள்ளிரவில் மலிவாயிருந்த மின் இனி நண்பகலில் மலிவாக வேண்டும். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் மின் மிகுந்துவிட்டதென்று கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். மூன்றாண்டுக்கு முன் மின்னில்லாது இருளில் இருந்த நாடு, மின் மிகுந்ததால் கதிரவனை மூடச் சொல்லிற்று! இது இயற்கையின் குறையன்று, திட்டமின்மையின் குறை. நண்பகலில் கார்களும் முச்சக்கர வண்டிகளும் எங்கே நிற்கின்றன? கச்சேரி முன்றிலிலும், வைத்தியசாலை வளவிலும், பாடசாலை மரநிழலிலும், பேருந்து நிலையத்திலும் நிற்கின்றன. அங்கெல்லாம் பொதுச் செருகிகள் இருக்குமாயின், வீணாகும் ஒளி மக்களின் தொலைவாக மாறும். வீட்டு முற்றமில்லாதவனும் வேலை செய்யும் இடத்தில் நிரப்பிக்கொள்வான். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது, படகுப் பாதைக்குக் காத்துக்கிடந்த மக்களின் தூரம் ஒரே நாளில் சுருங்கிற்று. பொதுச் செருகியும் அத்தகைய பாலமே.

தனியார் காரோடு இச்சிந்தனை நின்றுவிடுதலும் கூடாது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீளத் திறந்ததும் மின்சாரக் கார்கள் வந்திறங்கின; அவற்றை வாங்கும் வலிமை எத்தனை பேருக்கு? இலங்கையின் வீதிகளில் பதிவான முச்சக்கர வண்டிகள் பத்து இலட்சத்துக்கு மேல். அவை நாளொன்றுக்கு ஓடும் தொலைவு சிறிது. சிறிய பற்றரி போதும். திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்கும் தம்பலகாமத்துக்கும் கிண்ணியாவுக்கும் ஓடும் பேருந்துகளின் வழி குறுகியது, நிலமும் சமம், புறப்படும் நேரமும் தெரிந்தது. எத்தனை கிலோமீற்றர் ஓடுமோ என்ற அச்சம் மிகக் குறைவாக உள்ள இடம் இதுவே. பயன் பெறுவோர் தொகை மிக அதிகமாக உள்ள இடமும் இதுவே. குடாவுக்குள் மீன்பிடிக்கும் சிறு படகுகளுக்கும் இது பொருந்தும்.

இதற்கிடையே இன்னொன்றையும் குறிப்பிடல் தகும். லிதியம் பற்றரியின் ஒரு முனையில் அமைவது காரீயம். இலங்கைச் சுரங்கங்களின் காரீயம் உலகப் புகழ் வாய்ந்தது. அது நெடுங்காலமாக மூலப்பொருளாகவே கப்பலேறி வருகிறது. காரின் விலையிற் பெரும்பங்கு பற்றரியின் விலை. பொருளை மலிவாக அனுப்பிப் பண்டத்தை விலையாக வாங்கும் குடியேற்ற நாட்டுப் பொருளாதாரம், கரியோடும் எண்ணெயோடும் ஒழிந்துபோகவில்லை.

கரி வந்தது; கொழும்பின் தொழிலாளர் சுமந்தனர், கப்பற் கம்பனிகள் தூரம் பெற்றன. எண்ணெய் வந்தது, சீனன்குடாவில் இரும்பு எழுந்தது, பேரரசு தூரம் பெற்றது, இவ்வூரார் 2022 இல் வெறும் போத்தலோடு நின்றனர். இப்போது மின் வருகிறது. காற்றைப் போல வெயிலுக்கும் எவரும் விலை வைத்ததில்லை. அதைப் பிடித்துக் கம்பியில் ஏற்றும் வாயிலுக்குத்தான் விலை வைக்கப்படுகிறது. அவ்வாயில் பொதுவுடைமையாயிருக்கட்டும். பகல் மின்னின் மலிவு வாடகை வீட்டாரையும் எட்டட்டும். விற்கப்படும் ஒவ்வொரு காரும் நமது வெயிலில், நமது வீதியில் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதை விற்பவரல்லாத பொது நிறுவனமொன்று அளந்து சொல்லட்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் கலந்து வாழும் இம்மாவட்டத்தில் இவை எந்த ஓர் இனத்தின் கோரிக்கையும் அல்ல; பேருந்துக்குக் காத்திருப்போர் அனைவரின் கோரிக்கை. இக்கோரிக்கையை இப்போதே எழுப்ப வேண்டும். சீனன்குடாவின் தாங்கிகள் யாருக்கு என்பது நம்மைக் கேளாமலே முடிவாயிற்று. சம்பூரின் வெயில் யாருக்கு என்பது இன்னும் முடிவாகிவிடவில்லை.